உயிர்ச்சத்து டி துணைச்சத்தும் தருமபுரி மாவட்டப் புளோரைடு நோயும்

உயிர்ச்சத்து டி துணைச்சத்து என்பது, வெயிலாலும் உணவாலும் போதிய அளவு கிடைக்காத உயிர்ச்சத்து டியை மாத்திரை, தூள், சொட்டு மருந்து, ஊசி ஆகிய வடிவங்களில் உடலுக்கு அளிப்பது ஆகும். குறைபாடு உள்ளவர்களுக்கு இது தேவை என்பதில் மருத்துவ உலகில் ஐயம் இல்லை. நலமாக உள்ளவர்களும் இதனை உட்கொள்ள வேண்டுமா, எவ்வளவு உட்கொள்ள வேண்டும் என்பவற்றில் வல்லுநர்களிடையே கருத்து வேறுபாடுகள் உள்ளன.

தமிழ்நாட்டின் வடமேற்கில் அமைந்துள்ள தருமபுரி மாவட்டத்தில் இவ்வினா தனித்த முக்கியத்துவம் உடையது. இம்மாவட்டத்தின் பல பகுதிகளில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து காணப்படுகின்றது. அந்நீரைப் பல ஆண்டுகள் பருகுவதால் ஏற்படும் புளோரைடு நோய் (புளோரோசிஸ்) பற்களையும் எலும்புகளையும் தாக்குகின்றது. இந்நோயின் அறிகுறிகள் சில, உயிர்ச்சத்து டி குறைபாட்டின் அறிகுறிகளை ஒத்தவை. எனவே ஒன்றை மற்றொன்றாகக் கருதி மருந்து அளிக்கும் வாய்ப்பு இங்கு மிகுதி.

உயிர்ச்சத்து டி

உயிர்ச்சத்து டி கொழுப்பில் கரையும் உயிர்ச்சத்து ஆகும். இதன் இரண்டு வடிவங்கள் முதன்மையானவை. டி2 (எர்கோகால்சிபெரால்) காளான், ஈஸ்ட் போன்றவற்றிலிருந்து கிடைப்பது. டி3 (கோலிகால்சிபெரால்) விலங்குகளின் உடலிலும் மனிதத் தோலிலும் உருவாவது.

ரிக்கெட்ஸ் நோய்க்கும் உணவுக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தின் எட்வர்டு மெல்லன்பி 1919 ஆம் ஆண்டளவில் நாய்களைக் கொண்டு காட்டினார். தானிய உணவால் நோயுற்ற நாய்கள் மீன் எண்ணெயால் குணமடைந்தன. அதே ஆண்டில் செருமனியின் கர்ட் ஹல்ட்சின்ஸ்கி புற ஊதாக் கதிர் விளக்கினால் ரிக்கெட்ஸ் நோயுற்ற குழந்தைகளைக் குணப்படுத்தினார். மீன் எண்ணெயில் இருந்த பொருளுக்கு 1922 இல் அமெரிக்காவின் எல்மர் மெக்காலம் உயிர்ச்சத்து டி எனப் பெயரிட்டார். ஸ்டெரால்களையும் அவற்றுக்கு உயிர்ச்சத்துகளோடு உள்ள தொடர்பையும் ஆராய்ந்த அடால்ப் விண்டாஸ் 1928 இல் வேதியியலுக்கான நோபல் பரிசு பெற்றார்.

சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர்கள் தோலில் உள்ள 7-டீஹைட்ரோகொலஸ்டிரால் என்னும் பொருளை உயிர்ச்சத்து டி3 ஆக மாற்ற உதவுகின்றன. இது கல்லீரலில் 25-ஹைட்ராக்சி உயிர்ச்சத்து டி ஆக மாறுகின்றது. குருதிச் சோதனையில் அளக்கப்படுவது இதுவே. பின்னர் சிறுநீரகத்தில் கால்சிட்ரியால் என்னும் செயலூக்கம் உள்ள வடிவத்தை அடைகின்றது. குடலில் கால்சியமும் பாஸ்பரசும் உறிஞ்சப்படுவதற்குக் கால்சிட்ரியால் துணைபுரிகின்றது.

உயிர்ச்சத்து டி குறைந்தால் குழந்தைகளுக்கு ரிக்கெட்ஸ் நோயும், பெரியவர்களுக்கு எலும்பு மென்மையாகும் ஆஸ்டியோமலேசியா நோயும் உண்டாகலாம். மாத்திரைகளில் இதன் அளவு பன்னாட்டு அலகில் (ப.அ.) குறிக்கப்படுகின்றது. ஒரு மைக்ரோ கிராம் 40 ப.அ. ஆகும்.

வெயில் மிகுந்த நாட்டில் குறைபாடு

தருமபுரி ஏறத்தாழ 12 பாகை வட அகலக்கோட்டில் உள்ளது. இந்த அகலக்கோட்டில் ஆண்டு முழுவதும் புற ஊதா பி கதிர்கள் கிடைக்கின்றன. ஆயினும் வெயில் மிகுந்த இந்தியாவில் உயிர்ச்சத்து டி குறைபாடு பரவலாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. 2000 ஆம் ஆண்டில் தில்லியில் நலமானவர்களிடம் செய்யப்பட்ட ஆய்வு இவற்றுள் முன்னோடியானது.

தென்னிந்தியச் சூழலுக்கு நெருக்கமானது திருப்பதியில் சி. வி. ஹரிநாராயணன் குழுவினர் செய்து 2007 இல் வெளியிட்ட ஆய்வு ஆகும். அதில் சிற்றூர் மக்களின் குருதியில் நகர மக்களைவிட உயிர்ச்சத்து டி மிகுந்திருந்தது. எனினும் சிற்றூர் மக்களிடமும் குறைபாடு காணப்பட்டது. இரு சாராரின் உணவிலும் கால்சியம் குறைவாக இருந்தது. அதன் உறிஞ்சலைத் தடுக்கும் பைட்டேட் சிற்றூர் உணவில் மிகுதியாக இருந்தது.

உணவில் கால்சியம் குறையும்போது பாராதைராய்டு சுரப்பியின் இயக்குநீர் மிகுகின்றது. அதனால் கால்சிட்ரியால் கூடுதலாக உருவாகின்றது. அது உடலில் சேமிப்பாக உள்ள 25-ஹைட்ராக்சி உயிர்ச்சத்து டி விரைவாகச் சிதைவதற்குக் காரணமாகின்றது. ஆகவே வயலில் நாள் முழுதும் வெயிலில் நிற்பவருக்கும் கால்சியக் குறைவினால் உயிர்ச்சத்து டி குறையக்கூடும்.

திருப்பதியின் அகலக்கோட்டில் முற்பகல் 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை உள்ள வெயிலே உயிர்ச்சத்து டி உருவாக ஏற்றது என்பது அக்குழுவினரின் மற்றொரு முடிவு ஆகும். காலை, மாலை இளவெயிலில் புற ஊதா பி கதிர்கள் மிகக் குறைவு. கருநிறத் தோலில் உள்ள மெலனின், உடலை மூடும் உடை, காற்று மாசு, வீட்டுக்குள் அல்லது தொழிற்கூடத்துக்குள் அமைந்த வேலை ஆகியனவும் உற்பத்தியைக் குறைக்கின்றன. கண்ணாடிச் சாளரத்தின் ஊடாக வரும் வெயிலால் பயன் இல்லை.

தருமபுரி மாவட்டச் சூழல்

தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 ஆம் நாள் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004 இல் கிருட்டிணகிரி மாவட்டம் இதிலிருந்து பிரிந்தது. 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி இதன் மக்கள் தொகை 15,06,843 ஆகும்.

நிலமும் நீரும்

இம்மாவட்டம் சார்னோக்கைட், நைஸ், கிரானைட் முதலிய கடினப் பாறைகளால் ஆனது. இப்பாறைகளில் உள்ள அப்படைட், பயோடைட், ஹார்ன்பிளெண்ட் போன்ற கனிமங்களில் புளோரைடு உள்ளது. பாறை வெடிப்புகளில் நெடுங்காலம் தங்கும் நீரில் அது கரைகின்றது. மழை குறைந்த இப்பகுதியில் ஆழ்துளைக் கிணறுகளைச் சார்ந்திருக்க வேண்டிய நிலை இச்சிக்கலை மிகுவித்தது.

குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லி கிராமுக்கு மேல் புளோரைடு இருத்தல் கூடாது என்பது உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு. இந்தியத் தர நிர்ணயத்தின்படி ஏற்கத்தக்க அளவு 1.0 மில்லி கிராம் ஆகும். வேறு நீர் இல்லாத இடத்தில் 1.5 மில்லி கிராம் வரை பொறுத்துக் கொள்ளப்படுகின்றது. வெப்ப நாட்டில் உடலுழைப்பு செய்பவர்கள் மிகுதியான நீர் பருகுவதால் அவர்கள் உட்கொள்ளும் புளோரைடும் மிகுகின்றது.

உணவு

கேழ்வரகு இம்மாவட்ட மக்களின் மரபு உணவு ஆகும். களியாகவும் கூழாகவும் இது உண்ணப்படுகின்றது. நூறு கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லி கிராம் கால்சியம் உள்ளது. தானியங்களில் இதுவே மிக உயர்ந்த அளவு. அதே வேளை கேழ்வரகில் பைட்டேட்டும் ஆக்சலேட்டும் உள்ளமையால் அக்கால்சியம் முழுவதும் உடலில் சேர்வதில்லை. முளைகட்டுதலும் கூழைப் புளிக்க வைத்தலும் பைட்டேட்டைக் குறைக்கின்றன. கேழ்வரகின் இடத்தைத் தீட்டிய அரிசி பிடிக்கும்போது, பாலும் கீரையும் போதிய அளவு சேராவிட்டால் உணவின் கால்சியம் மேலும் குறைகின்றது.

புளோரைடு நோயும் உயிர்ச்சத்து டியும்

சென்னை மாகாணத்தில் புளோரைடு நோய் பற்றிய முதல் விரிவான மருத்துவ அறிக்கை 1937 இல் ஷார்ட் முதலியோரால் வெளியிடப்பட்டது. கிண்டி கிங் நிலையத்தைச் சேர்ந்த சி. ஜி. பண்டிட் குழுவினர் 1940 இல் வெளியிட்ட ஆய்வு, நோயின் கடுமை நீரின் புளோரைடு அளவை மட்டுமன்றி மக்களின் ஊட்டச்சத்து நிலையையும் பொறுத்தது எனச் சுட்டியது. இக்கருத்தே பிற்கால ஆய்வுகளுக்கு அடிப்படையாக அமைந்தது.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கிருஷ்ணமாச்சாரி, கமலா கிருஷ்ணசாமி ஆகியோர் ஆந்திரப் பகுதியில் முழங்கால்கள் உட்புறமாக வளைந்து ஒன்றோடொன்று இடிக்கும் ஊனத்தை 1973 இல் விளக்கினர். இந்த ஊனத்தில் புளோரைடோடு எலும்புப்புரையும் சேர்ந்திருந்தது. மீரட்டைச் சேர்ந்த எஸ். பி. எஸ். தியோத்தியா, எம். தியோத்தியா ஆகியோர், கால்சியம் குறைந்த உணவு உண்ணும் குழந்தைகளிடம் புளோரைடின் நச்சு விளைவு கடுமையாகின்றது எனத் தம் நெடுங்கால ஆய்வுகளில் காட்டினர்.

இத்தொடர்பின் இயங்குமுறை பின்வருமாறு:

* புளோரைடு எலும்பின் கனிமப் பகுதியில் புகுந்து புளோரபடைட் ஆகின்றது. அத்துடன் புதிய எலும்பு உருவாவதைத் தூண்டுகின்றது. இதற்குக் கூடுதல் கால்சியம் தேவைப்படுகின்றது.
* உணவில் கால்சியம் குறைவாக இருந்தால் பாராதைராய்டு இயக்குநீர் மிகுந்து, பழைய எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கப்படுகின்றது.
* இதனால் ஒரே உடலில் சில எலும்புகள் இறுகியும் சில எலும்புகள் மென்மையடைந்தும் காணப்படலாம்.
* குடலில் கால்சியம் இருந்தால் அது புளோரைடுடன் இணைந்து, புளோரைடு உறிஞ்சப்படுவதைக் குறைக்கின்றது.

வேறுபடுத்தி அறிதல்

முதுகுவலி, மூட்டு வலி, தசைத் தளர்ச்சி, கால் வளைவு ஆகியன இரு நோய்களிலும் தோன்றலாம். குருதியில் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதியின் அளவு இரண்டிலும் உயரலாம். பின்வருவன வேறுபடுத்தி அறிய உதவுகின்றன:

* புளோரைடு நோயில் எக்ஸ் கதிர்ப் படத்தில் முதுகெலும்பு, இடுப்பெலும்பு ஆகியவை அடர்ந்து தோன்றும். முன்கையின் இரு எலும்புகளுக்கு இடையே உள்ள சவ்வு சுண்ணமேறி இருப்பது குறிப்பிடத்தக்க அடையாளம் ஆகும்.
* ரிக்கெட்ஸ் நோயில் நீள எலும்புகளின் முனைகள் அகன்று, கிண்ணம் போல் குழிந்து, நைந்து காணப்படும்.
* சிறுநீரிலும் குடிநீரிலும் புளோரைடின் அளவைச் சோதித்தல், பற்களில் பழுப்புக் கறைகளைப் பார்த்தல் ஆகியன புளோரைடு நோயை உறுதி செய்ய உதவுகின்றன.

இரண்டு நோய்களும் ஒருவருக்கே இருத்தலும் கூடும். எலும்பில் படிந்த புளோரைடை வெளியேற்றும் தனி மருந்து எதுவும் இல்லை. உயிர்ச்சத்து டி மாத்திரையும் அதனைச் செய்வதில்லை. எனவே புளோரைடு நீரைப் பருகிக்கொண்டே மாத்திரை உட்கொள்பவருக்குக் குறைபாடு தீர்ந்தாலும் நோய் தொடர்ந்து வளர்கின்றது.

வல்லுநர் கருத்துகள்

பரிந்துரைக்கப்படும் அளவுகள்

* அமெரிக்க மருத்துவக் கழகம் (2010): 1 முதல் 70 வயது வரை நாள் ஒன்றுக்கு 600 ப.அ.; 70 வயதுக்கு மேல் 800 ப.அ. குருதியில் மில்லி லிட்டருக்கு 20 நானோ கிராம் இருந்தால் பெரும்பாலோருக்குப் போதுமானது. பெரியவர்களுக்கான உச்ச வரம்பு 4,000 ப.அ.
* இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் (2020): பெரியவர்களுக்கு 600 ப.அ.; கால்சியம் 1,000 மில்லி கிராம். 2010 இல் இவை முறையே 400 ப.அ., 600 மில்லி கிராம் என இருந்தன.
* இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம்: பிறந்த முதல் ஓராண்டு நாள்தோறும் 400 ப.அ. சொட்டு மருந்து.
* ஐக்கிய இராச்சிய அரசின் அறிவுரை (2016): வெயில் குன்றிய இலையுதிர், குளிர் காலங்களில் 400 ப.அ. துணைச்சத்து பற்றி அனைவரும் எண்ணிப் பார்க்கலாம்.

பரவலான பயன்பாட்டை ஆதரித்தவை

அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2011 இல் வெளியிட்ட வழிகாட்டுதல், குருதியில் 30 நானோ கிராமுக்குக் கீழ் இருப்பதைப் போதாமை எனக் கொண்டது. பெரியவர்களுக்கு நாள்தோறும் 1,500 முதல் 2,000 ப.அ. வரை தேவைப்படலாம் எனவும் கூறியது. இவ்வரம்பின்படி இந்தியர்களுள் மிகப் பலர் குறைபாடு உடையவர்கள் ஆயினர். வாரம் ஒரு முறை 60,000 ப.அ. தூளை உட்கொள்ளும் மருத்துவ முறை இந்தியாவில் பரவலாக வழங்குகின்றது. இது குறைபாடு உறுதியானவர்களுக்குக் குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் உரியது.

ஐயுற்றவை

பெருந்தொகையினரிடம் நடத்தப்பட்ட ஆய்வுகள் இந்த எதிர்பார்ப்பைக் குறைத்தன. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடத்தப்பட்ட வைட்டல் ஆய்வில் நாள்தோறும் 2,000 ப.அ. உட்கொண்டவர்களுக்குப் புற்றுநோயோ, மாரடைப்பு முதலிய இதயக் குருதிக்குழாய் நோய்களோ குறையவில்லை என 2018 இல் அறிவிக்கப்பட்டது. எலும்பு முறிவும் குறையவில்லை என 2022 இல் தெரிய வந்தது. தன்னெதிர்ப்பு நோய்கள் மட்டும் ஓரளவு குறைந்தன. ஆஸ்திரேலியாவில் 21,315 பேருக்கு மாதம் 60,000 ப.அ. வீதம் ஐந்தாண்டுகள் வரை அளித்த ஆய்வில் இறப்பு விகிதம் குறையவில்லை. 2019 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், நீரிழிவுக்கு முந்தைய நிலையில் இருந்தவர்களுக்கு நாள்தோறும் 4,000 ப.அ. அளித்தும் நீரிழிவு குறிப்பிடத்தக்க அளவு தடுக்கப்படவில்லை.

இம்முடிவுகளை இந்தியாவுக்கு அப்படியே பொருத்தலாகாது என்பது மறுதரப்பின் வாதம். வைட்டல் ஆய்வில் பங்கேற்றோருள் பெரும்பாலோருக்குத் தொடக்கத்திலேயே போதிய உயிர்ச்சத்து டி இருந்தது. உணவில் கால்சியமும் அங்கு மிகுதி. குறைபாடு இல்லாதவருக்கு மாத்திரையால் பயனில்லை என்பதிலிருந்து, குறைபாடு உள்ளவருக்கும் பயனில்லை என முடிவு செய்ய இயலாது.

2024 ஆம் ஆண்டின் நிலைப்பாடு

அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கம் 2024 இல் தன் பழைய வழிகாட்டுதலை மாற்றிக்கொண்டது. 30 நானோ கிராம் என்னும் இலக்கை அது கைவிட்டது. நலமானவர்களுக்குக் குருதிச் சோதனை வழக்கமாகச் செய்ய வேண்டியதில்லை என்றது. 75 வயதுக்கு உட்பட்ட நலமான பெரியவர்கள் பரிந்துரை அளவுக்கு மேல் உட்கொள்ள வேண்டியதில்லை என்றும் கூறியது. 1 முதல் 18 வயது வரை உள்ளோர், 75 வயதைக் கடந்தோர், கருவுற்ற பெண்கள், நீரிழிவு வரும் வாய்ப்பு மிகுந்தோர் ஆகியோருக்குத் துணைச்சத்து பயன்படலாம் என்றது. கருவுற்ற பெண்களைப் பொறுத்தவரை உலக சுகாதார அமைப்பின் கருத்து வேறானது. பேறுகால நலனுக்காக அனைவருக்கும் உயிர்ச்சத்து டி வழங்க அது பரிந்துரைப்பதில்லை.

கால்சியம் முதன்மை என்னும் கருத்து

தருமபுரி போன்ற பகுதிகளுக்கு மிகவும் பொருந்துவது நைசீரியாவில் தாமஸ் தாச்சர் குழுவினர் 1999 இல் வெளியிட்ட ஆய்வு ஆகும். ரிக்கெட்ஸ் நோயுற்ற 123 குழந்தைகளுள் கால்சியம் மட்டும் பெற்றவர்களும், கால்சியமும் உயிர்ச்சத்து டியும் சேர்த்துப் பெற்றவர்களும் நன்கு குணமடைந்தனர். உயிர்ச்சத்து டி மட்டும் பெற்றவர்களிடம் பயன் குறைவாக இருந்தது. நாளொன்றுக்கு 300 மில்லி கிராமுக்குக் குறைவாகக் கால்சியம் உண்பது உயிர்ச்சத்து டி அளவு எதுவாயினும் ரிக்கெட்ஸ் நோய்க்குக் காரணமாகலாம் என 2016 இல் வெளியான பன்னாட்டு ஒருமித்த கருத்து கூறுகின்றது.

புளோரைடு நோய்க்கு நேரடியான ஆய்வுகள் சிலவே. இராசத்தானின் எஸ். கே. குப்தா குழுவினர் 1996 இல், நோயுற்ற 25 குழந்தைகளிடம் கால்சியம், உயிர்ச்சத்து சி, உயிர்ச்சத்து டி ஆகியவற்றைச் சேர்த்து அளித்து முன்னேற்றம் கண்டதாக அறிவித்தனர். சிறு எண்ணிக்கையினரிடம் செய்யப்பட்டதாலும், மூன்று சத்துகள் ஒருங்கே தரப்பட்டதாலும் இதில் உயிர்ச்சத்து டியின் தனிப் பங்கைப் பிரித்தறிய இயலாது. புளியை உணவில் சேர்ப்பதால் சிறுநீர் வழியே வெளியேறும் புளோரைடு மிகுவதாகத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தினர் 2002 இல் சிறுவர்களிடம் நடத்திய குறுகிய கால ஆய்வு காட்டியது. தில்லியின் ஏ. கே. சுசீலா, முதலில் பாதுகாப்பான நீர், அடுத்து கால்சியமும் உயிர்ச்சத்துகளும் நிறைந்த உணவு என்னும் வரிசையை வலியுறுத்தியவர்.

மிகை அளவின் தீமைகள்

உயிர்ச்சத்து டி கொழுப்பில் கரைவதால் உடலில் தங்குகின்றது. மிகுதியாக உட்கொண்டால் குருதியில் கால்சியம் உயர்ந்து வாந்தி, மலச்சிக்கல், மிகுந்த தாகம், மனக்குழப்பம், சிறுநீரகக் கல், சிறுநீரகச் செயலிழப்பு ஆகியன ஏற்படலாம். வெயிலால் இத்தகைய நச்சுநிலை உண்டாவதில்லை. மிகையானதைத் தோலே சிதைத்துவிடுகின்றது. மிகை அளவு ஊசிகளாலும் மருந்துகளாலும் நச்சுநிலை அடைந்த நோயாளிகளைப் பற்றி 2011 இல் காஷ்மீரிலிருந்து மருத்துவ அறிக்கை வெளியானது. ஆஸ்திரேலியாவில் முதிய பெண்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை 5,00,000 ப.அ. அளித்த ஆய்வில், விழுதலும் எலும்பு முறிவும் குறையாமல் மிகுந்தன என 2010 இல் அறியப்பட்டது.

புளோரைடு சிறுநீரகத்தின் வழியே வெளியேறுகின்றது. எனவே சிறுநீரகம் பழுதடைந்தால் உடலில் தங்கும் புளோரைடு மேலும் மிகுகின்றது. புளோரைடு மிகுந்த பகுதியில் மருத்துவ ஆலோசனை இன்றி உயர் அளவு மருந்தை நெடுநாள் உட்கொள்வது இக்காரணத்தால் கூடுதல் இடர் உடையது.

பொதுநலத் திட்டங்கள்

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்: காவிரி நீரைத் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களுக்கு வழங்கும் இத்திட்டத்தின் பெயரிலேயே புளோரைடு பாதிப்புக் குறைப்பு என்பதும் இடம்பெற்றுள்ளது. சப்பானியக் கடனுதவியுடன் ஏறத்தாழ 1,928 கோடி ரூபாய் செலவில் நிறைவேற்றப்பட்டு 2013 இல் தொடங்கி வைக்கப்பட்டது. காவிரி நீர் கிடைக்கும் ஊர்களிலும், வழங்கல் தடைப்படும் நாட்களில் மக்கள் மீண்டும் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பருகினால் திட்டத்தின் பயன் குறைகின்றது.

தேசியப் புளோரைடு நோய்த் தடுப்புத் திட்டம்: பதினோராம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் 2008-09 இல் நடுவண் அரசால் தொடங்கப்பட்டது. தருமபுரி மாவட்டமும் இதில் சேர்க்கப்பட்டது. நோயாளிகளைக் கண்டறிதல், நீர், சிறுநீர்ச் சோதனை, ஊட்டச்சத்து அறிவுரை, ஊனமுற்றோருக்கு அறுவை மருத்துவமும் மறுவாழ்வும் ஆகியன இதன் கூறுகள்.

கருவுற்ற பெண்களுக்கான கால்சிய மாத்திரை: நடுவண் அரசின் 2014 ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, கருவுற்ற 14 ஆவது வாரத்திலிருந்து பேறுக்குப் பின் ஆறு மாதங்கள் வரை நாளொன்றுக்கு இரண்டு மாத்திரைகள் வழங்கப்பட வேண்டும். ஒவ்வொன்றிலும் 500 மில்லி கிராம் கால்சியமும் 250 ப.அ. உயிர்ச்சத்து டி3யும் இருக்கும். இரும்புச் சத்து மாத்திரையுடன் இதனைச் சேர்த்து உட்கொள்ளலாகாது.

செறிவூட்டிய உணவு: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையத்தின் 2018 ஆம் ஆண்டு விதிமுறைகள், பாலிலும் சமையல் எண்ணெயிலும் உயிர்ச்சத்து ஏ, டி ஆகியவற்றைச் சேர்ப்பதற்கான அளவுகளை வகுத்தன.

கருத்தொற்றுமை உள்ளவை

கருத்து வேறுபாடுகளுக்கு இடையே வல்லுநர் பலரும் ஒத்துக்கொள்பவை சில உள்ளன. கைக்குழந்தைகளுக்கும், குறைபாடு உறுதியானவர்களுக்கும், ரிக்கெட்ஸ் அல்லது ஆஸ்டியோமலேசியா உள்ளவர்களுக்கும் உயிர்ச்சத்து டி தேவை. கால்சியம் இன்றி உயிர்ச்சத்து டி மட்டும் எலும்பை வலுப்படுத்துவதில்லை. நாள்தோறும் சிறிய அளவில் உட்கொள்வது, நீண்ட இடைவெளியில் மிகப் பெரிய அளவில் உட்கொள்வதைவிடப் பாதுகாப்பானது. புளோரைடு மிகுந்த பகுதிகளில் இவை அனைத்திற்கும் முற்பட்டது குடிநீரை மாற்றுதல் ஆகும். வளரும் வயதில் எலும்பில் ஏற்படும் வளைவு பின்னர் மாத்திரையால் நிமிர்வதில்லை என்பதால், குழந்தை வளரும் ஊரின் நீரைச் சோதிப்பது குழந்தையின் குருதியைச் சோதிப்பதற்கு முன்னரே செய்யத்தக்கது.

இவற்றையும் பார்க்க

* உயிர்ச்சத்து டி
* புளோரைடு நோய்
* ரிக்கெட்ஸ்
* கேழ்வரகு
* ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம்
* தருமபுரி மாவட்டம்